கப்பல் காத்திருந்த பதில்

அம்மா பேசுவது ஒரு மணி நேரம் கழித்துத்தான் கேட்கும். எழுபத்து மூன்றாம் வயதில் அரை நிமிடத் தாமதமாகத் தொடங்கி, மாதா மாதம் நீண்டு, சரியாக ஒரு மணி நேரம் ஆனதும் நின்றுகொண்டது. காதில் குறையில்லை. கேட்டவுடன் பதில் சொல்லிவிடுவாள், சத்தம்தான் பிந்தி வரும். தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர் வைட்டமின் மாத்திரை எழுதிக்கொடுத்தார். அப்பா இறந்த அன்று, வந்தவர்கள் எல்லாம் கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டு படியிறங்கிய பிறகுதான் அவள் அழுகை கேட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழியில்லை. முன்பற்கள் விழுந்ததிலிருந்து கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசுவாள். எது கேட்டாலும் தலையாட்டுவாள், ஆனால் அது மரியாதைக்கு ஆட்டுவது. சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அவளுடைய ஒரே மகன் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டே பிறந்தவன். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தான். தினமும் வேலைக்குப் போகிற வழியில் கதவுக்குள் தலையை மட்டும் நீட்டி, "சாப்டியாம்மா?" என்பான். அவள் கைக்குப் பின்னால் ஏதோ சொல்வாள். அந்தப் பதில் அவள் வீட்டில் ஒலிக்கும்போது அவன் டிப்போவில் ஏழாவது பஸ்ஸுக்கு விசில் ஊதிக்கொண்டிருப்பான். இப்படியே ஆறு வருஷம் ஓடியது. அவன் மோசமான பிள்ளை இல்லை. கேட்டதே போதும் என்று நினைத்துவிட்டான், அவ்வளவுதான்.

சேர்ந்து கிடந்த விடுப்பை மொத்தமாக எடுத்து, அம்மாவைச் சொகுசுக் கப்பலில் ஒரு வாரம் கூட்டிப்போக அவன் முடிவு செய்தபோது, அவள் தலையாட்டினாள். ஏறுவதில் ஒரு சிக்கலும் வரக் கூடாதென்று அவன் பார்த்துப் பார்த்துச் செய்தான். சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தான். மாத்திரைகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்தான். எண்பது தாண்டியவர்களிடம் கவுன்டரில் மூன்று கேள்வி கேட்பார்கள் என்றும் விசாரித்து வைத்திருந்தான். அவர்கள் முறை பதினொன்றே காலுக்கு. ஆகவே பத்தே காலுக்கு, வீட்டைப் பூட்டும் முன், அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டான்: பெயர் என்ன, காய்ச்சல் இருமல் உண்டா, சொந்த விருப்பத்தில்தான் பயணமா. அம்மாவும் ஒழுங்காகச் சொல்லி முடித்தாள். கவுன்டரில் வாய் திறக்காமல் தலையாட்டினால் போதும் என்றும் சொல்லிவைத்தான்.

கணக்கு தப்பியது சக்கர நாற்காலியால். அதற்குத் தனி வரிசை, அதில் ஆளே இல்லை. பத்து ஐம்பதுக்கே கவுன்டருக்கு வந்துவிட்டார்கள். கண்ணாடி போட்ட பெண் அதிகாரி மூன்று கேள்விகளையும் கேட்டு முடிக்க, காலை ஒன்பது ஐம்பதில், மகன் டாக்ஸி பிடிக்கப் போயிருந்தபோது, அவள் அப்பாவின் போட்டோவிடம் சொன்னது வந்து விழுந்தது.

"எனக்கு எதுக்குங்க கப்பல்? தண்ணின்னாலே பயம். இவன் மனசு நோகக் கூடாதேன்னு தலையாட்டிட்டேன்."

அதிகாரி பேனாவை மூடினார். விருப்பமில்லாதவர்களை ஏற்றுவதில்லை, பன்னிரண்டுக்குக் கதவை அடைத்துவிடுவோம் என்றார். அவர் மீது தப்பில்லை. டைம்கீப்பருக்கு முகம் செத்துவிட்டது. நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இந்த முறை சொல்லிக்கொடுக்காமல் கேட்டான்: "நெஜமாச் சொல்லும்மா. வர்றியா, வீட்டுக்குப் போயிடலாமா?" அவள் கைக்குப் பின்னால் பேசினாள். வழக்கத்தைவிட நீளமாகப் பேசினாள். அப்போது மணி பத்து ஐம்பத்தைந்து.

அதிகாரியிடம் ஒரு மணி நேரக் கதையைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் அம்மாவின் பக்கத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தது அன்றுதான். பதினொன்றே காலுக்கு, பத்தே காலுக்குச் சொன்ன பதில்கள் கிளிப்பிள்ளைபோல் வரிசையாக வந்தன. அதிகாரி சிரித்தாரே தவிர முத்திரை குத்தவில்லை. பிறகு டாக்ஸியில் பேசியது வந்தது: "மெதுவாப் போங்க தம்பி, அவசரம் எனக்கில்ல, இவனுக்குத்தான்." பக்கத்து வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். பக்கத்தில் அம்மா சத்தமில்லாமல் குலுங்கினாள். அந்தச் சிரிப்பு வரும்போது எங்கே இருப்போமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. பணியாளர்கள் கப்பலுக்கு ஏறும் பாலத்தின் சங்கிலியைக் கையில் எடுத்தபோது மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

"தண்ணின்னா பயந்தான். ஆனா கப்பல்ல ஏறிட்டா ஒரு வாரம் நீ எங்கயும் எந்திரிச்சு ஓட முடியாதுல்ல. நான் சொல்றது உன் காதுல விழும். அதுக்காகவே வர்றேன்டா."

அதிகாரி தலை நிமிராமல் முத்திரை குத்தினார். மகன் பாலத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனபோது அவன் கண்ணீர் அம்மாவின் உச்சந்தலையில் விழுந்தது. மழை என்று நினைத்து அவள் மேலே பார்த்தாள். பாதிச் சாப்பாட்டில் இருந்தபோது, கவுன்டரில் அவள் குலுங்கிய சிரிப்பு வந்து சேர்ந்தது.

கப்பலில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காபியா டீயா என்று கேட்கும் பணியாள் இரண்டாம் நாளே ஒரு மணி நேரம் முன்னதாக வந்து கேட்டுவிட்டுப் போகப் பழகிக்கொண்டான். மூன்றாம் நாள் காலை, மேல்தளத்தில், பழக்கதோஷத்தில் மகன், "சாப்டியாம்மா?" என்றான். கேட்டுவிட்டு எழப்போனவன், போக இடமில்லாததால் மறுபடியும் உட்கார்ந்தான். கடல் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அம்மாவின் குரல் வந்தது.

"சாப்டேன். நீ சாப்டியா?"

ஆறு வருஷமாக அவன் போன பிறகு அந்த வீடு கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. இன்னும் இல்லைம்மா என்று அவன் சொன்னான்.