உம்றா மொட்டை

முக்தாருக்கு வயது முப்பத்துமூன்று. மாவனல்லையில் கண்டி றோட்டோரம் ஹார்ட்வெயார் கடை. கடை வளர்ந்துகொண்டு போனது, தலைமுடி உதிர்ந்துகொண்டு போனது. இரண்டு இடத்தில் பெண் பேசினார்கள். இரண்டு இடத்திலும் "மாப்புளக்கி வயசு கூடப் போல" என்று பதில் வந்தது. மூன்றாவது பேச்சு கேகாலையில் தொடங்கியபோது, ஒருவருக்கும் மூச்சு விடாமல் கொழும்புக்கு பஸ் ஏறி, முடி நடுகிற டாக்டரைப் போய்ப் பார்த்தான்.

பின்மண்டையிலிருந்து வேரோடு எடுத்து முன்னால் நடுவோம், ஒரே நாள் வேலை என்றார் டாக்டர். ஆனால் முதலில் முழுசாக மொட்டையடிக்க வேண்டும்.

"அடிக்காமச் செய்ய ஏலாதா டொக்டர்?"

"முன்னுக்குக் கொஞ்சம் மட்டும்னா ஏலும். உங்களுக்கு உச்சி வரைக்கும் போயிருக்கே. அடிச்சாத்தான் ஒழுங்கா நடலாம். நல்லா யோசிச்சிட்டு வாங்க."

யோசிக்கத்தான் வேண்டும். மாவனல்லையில் ஒருவன் தும்மினால் நாலாவது கடையில் துஆ சொல்வார்கள். அந்த ஊரில் மொட்டைத் தலையோடு, அதிலும் சிவப்புப் புள்ளி புள்ளியாய், வந்து இறங்கினால் சும்மா விடுவார்களா? ரப்பர் தோட்டத்து லயத்திலிருந்து ஆணி வாங்க வருகிறவன்கூடக் கேட்பான். நிக்காஹ் நடக்கும் முன்பே கதை கேகாலைக்குப் போய்விடும். மொட்டைக்கு ஒரு காரணம் வேண்டும். இரண்டு கிழமை மண்டையைப் போட்டு உடைத்துக் கண்டுபிடித்தானே ஒரு காரணம், நாசமாய்ப்போன காரணம். உம்றாவுக்குப் போகிறவன் மொட்டையடித்துக்கொண்டுதானே திரும்புவான்? பத்து நாள் மக்காவுக்குப் போவதாக வீட்டில் சொன்னான்.

உம்மா ஸைனம்புவுக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை. பிறகு வந்த பேச்சுதான் அவனைக் குத்தியது. தங்கச்சி நுஸ்ஹாவின் மகள் ஸம்ஹாவுக்கு நாலு வயது, நெஞ்சில் ஓட்டை. அதே நாட்களில்தான் கொழும்பில் ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். பிள்ளையின் வாப்பா கட்டாரில் வேலை. லீவு கிடைக்கவில்லை.

"மகன், கஃபாவ மொதமொதல்ல காணக்கொள கேக்குற துஆவ அல்லாஹ் தட்டமாட்டாண்டு பெரியவங்க செல்றாங்க. ஆயுசுக்கும் ஒருக்காத்தான் அந்த மொதப் பார்வ. ஒங்களுக்கிண்டு ஒண்டும் கேக்காதீங்க. இந்தப் புள்ளக்கிக் கேளுங்க."

நுஸ்ஹா பிள்ளையைத் தூக்கி வந்து அவன் மடியில் வைத்தாள். அதன் நகமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது.

அன்றைக்கே விட்டிருக்கலாம். டாக்டருக்கு ஒரு கோல் எடுத்து அடுத்த மாதம் என்றிருந்தால் முடிந்தது. ஆனால் ஊரெல்லாம் சலாம் சொல்லி விடைபெற்றாகிவிட்டது. கேகாலைக்காரர்கள் வேறு, மாப்பிள்ளை தீன்தாரி, மார்க்கப்பற்றுள்ளவர் என்று சம்மதமே சொல்லிவிட்டார்கள். ஆசைக்கு வெட்கமில்லை என்பது சும்மாவா? எயார்போர்ட்டுக்கு ஒருவரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தெஹிவளையில் ஒரு லொட்ஜில் போய் அறை எடுத்தான்.

மறுநாள் டாக்டரின் இடத்தில் கதிரையில் உட்காரவைத்து மொட்டையடிக்கிற மெஷினை எடுத்தவன், "அடிக்கவா சேர்?" என்று கேட்டான். முக்தார் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான். பழக்கதோஷத்தில் பிஸ்மில்லாஹ் வாயில் வந்தது. வந்த பிறகு அவனுக்கே கூசியது.

மூன்றாம் நாள் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். லொட்ஜிலிருந்து த்ரீவீலில் இருபது நிமிஷத் தூரம். உம்மா வீடியோ கோல் எடுத்தாள். நெட் சரியில்லை என்று வெறுங்குரலில் பேசினான்.

"கண்டீங்களா மகன்? கேட்டீங்களா?"

"கேட்டேன் உம்மா."

அந்த நேரம் பார்த்துத் தெருமுனைப் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அவன் ஜன்னலைச் சாத்த ஓடினான். அதற்குள் உம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

"மக்கத்து ஹரத்துப் பாங்கா? மூடாதீங்க, மூடாதீங்க. புள்ளட காதுல வெக்கிறேன்."

வைத்தாள். பாங்கு முடியும் வரைக்கும் ஸம்ஹா மூச்சு விடும் சத்தம் அவனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. கையில் போனைப் பிடித்தபடி, தாங்க முடியாமல் அழுதான்.

ஐந்தாம் நாள் ஒப்பரேஷன். ஆறாம் நாள் விடியற்காலை சுபஹுக்குப் பிள்ளை மௌத்தாகிவிட்டது. டாக்டர்மார் தங்களால் ஆனதெல்லாம் பார்த்தார்களாம். அதைச் சொல்ல நுஸ்ஹாதான் கோல் எடுத்தாள். "நாநா, உம்மாவும் நானும் மட்டுந்தான் ஈக்கிறோம். ஜனாஸாவ எடுக்க ஆம்புளயொண்டு இல்ல" என்றாள். பிறகு, எங்கேயோ தூரத்தில் இருக்கிறவனிடம் சொல்லி என்ன பயன் என்று நினைத்தாள் போல, போனை வைத்துவிட்டாள்.

முக்தார் தொப்பியைப் போட்டுக்கொண்டு கீழே ஓடி ஒரு த்ரீவீலை மறித்தான். "கொஹாட்டத மஹத்தயா?" என்று எங்கே போக வேண்டுமெனச் சிங்களத்தில் கேட்டான் டிரைவர். ஆஸ்பத்திரியின் பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. முன்கண்ணாடியில் தொப்பி விளிம்புக்குக் கீழே முடி நட்டுப் பொருக்குத் தட்டிய நெற்றி தெரிந்தது. வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு மாடியேறினான். பகலில் பிள்ளையை மாவனல்லையில் அடக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான் குழிக்குள் இறங்கி வாங்கினாராம்.

பத்தாம் நாள் வீட்டுக்குப் போனான். கொழும்பில் வாங்கிய பேரீச்சம்பழப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. உம்மா அவன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"வெயில்ல கொப்புளிச்சீக்கி, பாவம். மனச ஒடச்சிக்க வாணாம் மகன். நீங்க கேட்டீங்க, அவன் வேற நாடினான். அந்த எடத்துல கேக்காம உட்டமேண்டு எங்களுக்கொரு கொற இல்ல. அது போதும்."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திராது. சொல்லிவிடுவோம், காறித் துப்பட்டும் என்று நினைத்து, "உம்மா, நான்..." என்று தொடங்கினான். அப்போது உள்ளறையிலிருந்து நுஸ்ஹா வந்தாள். அழவில்லை. அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"நாநா, கஃபாவக் கண்டொடன எப்பிடிக் கேட்டீங்க? அப்பிடியே செல்லுங்க. ஒரு சொல்லும் உடாமச் செல்லுங்க."

முக்தார் அவள் முகத்தைப் பார்த்தான். அவளிடம் மிச்சமிருப்பது அந்த ஒன்றுதான் என்று அவனுக்கு விளங்கியது. இல்லையென்று சொன்னால் அதையும் பிடுங்கிக்கொண்டதாகும்.

"யா அல்லாஹ்," என்றான். நாக்கு ஒட்டியது. "ஸம்ஹாக்கு... அந்தப் புள்ளக்கி சொகத்தக் குடு. அவட உம்மாட மடிய... வெறுமையாக்கிடாத. என்ட ஆயுச எடுத்து... அவளுக்குக் குடு."

ஒவ்வொரு சொல்லுக்கும் நுஸ்ஹா கண்ணை மூடி ஆமீன் சொன்னாள். உம்மாவும் சொன்னாள். முடிந்ததும் நுஸ்ஹா சால்வையால் முகத்தைத் துடைத்தாள்.

"இன்னொருக்காச் செல்லுங்க நாநா."

சொன்னான். இந்தத் தரம் அவனுக்கு ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை.