ஐந்து மணிச் சங்கு

பன்னிரண்டு நாளாகப் பதுருன்னிசாவுக்கு மனிதர்கள் என்றால் பாதங்கள்தான். புருஷனை இழந்து இத்தாவில் இருக்கிறவள் வெளி ஆண்முகம் பார்க்கக் கூடாதென்று நாத்தனார் ஆபிதா நடுவாசலில் சீட்டித் துணியைத் திரையாகக் கட்டியிருந்தாள். அது தரைக்கு ஒரு சாண் குறைச்சல். ஆயுசெல்லாம் துணி அளந்த மனிதர் வீட்டில் திரைக்குத் துணி பற்றவில்லை. இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று யோசித்துப் பார்த்தாள், இரண்டுமே வரவில்லை.

அவள் கணவர் ஹபீப் முகமது நெய்வேலிக் கடைத்தெருவில் ஜவுளி வியாபாரி; ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து ரெஃப்ரி. கடையில் பத்து ரூபாய் சொல்லி ஏழுக்கு இறங்குவார். இறங்குவதற்காகவே பத்து சொல்வார். மைதானத்தில் விசிலை வாயில் வைத்துவிட்டால் அரையணாகூட இறங்க மாட்டார். ‘பாய் ஊதினா ஊதினதுதான்’ என்று பேர். அவர் பேரைத்தான் இப்போது கால்பந்துக் கோப்பையில் பொறிக்கப் போகிறார்கள். துக்கம் கேட்க வந்த கால்களில் பாதி அதைப் பற்றித்தான் பேசிவிட்டுப் போயின.

இன்று நாலரை மணி வாக்கில் வந்தவை விரல் விரிந்த, செருப்பறியாத கால்கள். வலது பெருவிரலில் நகமே இல்லை.

“அம்மா, நான் கொளஞ்சிநாதன். மைன்ஸ் டீம்ல சென்டர் ஃபார்வர்டு ஆடிகினு இருந்தேன்.”

“அங்கியே ஒக்காந்து பேசுங்க. அவங்க காதுல வுழும்” என்றாள் ஆபிதா.

கால்கள் குந்தின.

“கோப்பைக்குப் பாய் பேரு வெக்க பழைய ஆட்டக்காரங்ககிட்ட கையெழுத்து வாங்குறாங்கம்மா. நான் ஒருத்தன்தான் பாக்கி. போட்டுடறேன். அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுகினு போலாம்னு வந்தேன். அறுவத்தொண்ணு பைனல்ல நான் அடிச்ச பந்து வலைக்குள்ள போச்சு. அதுக்குள்ள டைம் முடிஞ்சிருச்சின்னு பாய் ஊதிட்டாரு. வூட்ல எதனா சொன்னாராம்மா?”

“ஏம்பா, ஆறு வருஷமா அந்தப் பந்து இன்னும் உருண்டுகினேவா இருக்குது?” என்றாள் ஆபிதா.

“உங்களுக்கு அது பந்துங்க. ஜெயிச்சா டீம்ல இருக்கிற கான்ட்ராக்ட் ஆளுங்க பேரை பர்மனென்ட்டுக்கு எழுதுறேன்னு ஓவர்சீயர் சொல்லியிருந்தாரு. நான் இன்னைக்கும் கான்ட்ராக்ட்டுதான். டைம் முடிஞ்சிருந்தா முடிஞ்சதுதான். எனக்குத் தெரிஞ்சா போதும்.”

அன்று அவர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்தது பதுருன்னிசாவுக்கு ஞாபகம் வந்தது. “கடியாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துட்டேன், பதுரு. நடுவுல நின்னு போச்சு. சுரங்கத்துல அஞ்சு மணிச் சங்கு பிடிச்சான், ஊதிட்டேன். ஆட்டம் பத்து நிமிஷம் லேட்டாத்தான் ஆரம்பிச்சதுங்கறது மாலை போடுறப்பத்தான் ஞாபகம் வந்துது.” சங்கு பிடித்தால் உலை வைப்பதும், சங்கு பிடித்தால் சைக்கிளை எடுப்பதுமாக இந்த நகரியமே சங்குக்கு நடக்கிறது. அவரும் நடந்துவிட்டார். பிறகு அந்தக் கடியாரத்தை அவர் கட்டவே இல்லை.

சொன்னால் கோப்பையில் பேர் நிற்காது. சொல்லாவிட்டால் இந்தக் கால்கள் வந்த வழியே போகும். வியாபாரி பெண்டாட்டி, இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தாள். பயமோ இரக்கமோ வந்து ஒரு பக்கம் உட்காரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. நெஞ்சு மரத்த கால் மாதிரி கிடந்தது.

எழுந்து இரும்புப் பெட்டியைத் திறந்தாள். எடுத்ததைத் திரைக்கு அடியில் தள்ளினாள்.

“மதினி, அது அண்ணனோட கடியாரமாச்சே!”

“அன்னைக்கு இது ஓடலை” என்றாள் பதுருன்னிசா. அவள் குரல் அவளுக்கே யாரோ பக்கத்து வீட்டுக்காரி பேசுவது போலிருந்தது. “சங்கைக் கேட்டுத்தான் ஊதினாங்க. ஆட்டம் இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சாம்.”

ஆபிதா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கமிருந்து கிர் கிர்ரென்று சாவி கொடுக்கும் சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

சுரங்கத்தில் ஐந்து மணிச் சங்கு பிடித்தது.

ரேகைகளில் கரி படிந்த ஒரு கை திரைக்கு அடியில் வந்து, சங்குக்கு முள்ளைத் திருப்பி வைத்த கடியாரத்தை முகம் மேலே தெரியும்படி பாயில் வைத்துவிட்டுப் போனது. சரியாக ஐந்து. ஓடிக்கொண்டிருந்தது. பதுருன்னிசா அதையே பார்த்திருந்தாள். வினாடி முள் பத்துச் சுற்றில் ஒன்றை முடித்து அடுத்ததில் இறங்கியது. நகமில்லாத பெருவிரல் இன்னும் அங்கேயே இருந்தது.