காறை எலும்புக்குக் கீழே

வலியோடு பாங் டேஷெங்கின் உடம்பு பிடித்துவிடும் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் சிரித்துவிடுவார்கள். வலி போவது அதற்குப் பிறகுதான், அதுவும் போனால்.

கழுத்துப் பிடித்துக்கொண்டு வந்த லாரிக்காரரைப் படுக்கவைத்து, "தலையைத் திருப்ப முடியலயா? கொடுத்து வச்சவரு. மாமியா பக்கத்துல உக்காந்தாலும் பாக்க வேண்டியதில்ல" என்பார். லாரிக்காரர் குலுங்கிச் சிரிக்கும்போது தோள் தளரும். அந்த நொடியில் டேஷெங்கின் கட்டைவிரல் உள்ளே இறங்கிவிடும்.

இது வாயாடித்தனமில்லை, வைத்தியம் என்பது அவர் கட்சி. உடம்புக்குள் உயிரோட்டம் தடம் பிடித்து ஓடுகிறது. எங்கே அடைத்துக்கொள்கிறதோ அங்கே வலி. அடைப்புக்குக் காற்றும் குளிரும் மட்டும் காரணமில்லை. கோபம் கல்லீரலைப் பிடிக்கும், கவலை மண்ணீரலை, துக்கம் நுரையீரலை, பயம் சிறுநீரகத்தை. மகிழ்ச்சி ஒன்றுதான் ஓட்டத்தைத் தளர்த்திவிடும். ஆகவே சிரிக்கவைப்பது பாதிச் சிகிச்சை. சீனாவின் லெஷான் நகரில், ஆற்றங்கரையை ஒட்டிய அந்தச் சந்தில், இதை ஒப்புக்கொள்ளாத ஆள் ஒருத்தர்தான் இருந்தார். அது அவருடைய மனைவி சூச்சியோங்.

சூச்சியோங்கின் வலது கை வசந்த விழாவுக்குப் பிறகு தோளுக்கு மேல் ஏற மறுத்துவிட்டது. துணி உலர்த்த முடியவில்லை. மேல் தட்டிலிருக்கும் மிளகாய் ஜாடியை எட்ட முடியவில்லை. சட்டை மாட்டுவதற்குள் பல்லைக் கடித்துக்கொண்டு வேர்த்துப்போவாள். மேசையில் கட்டைகளை அடுக்கி மாஜோங் ஆட மட்டும் எந்தத் தடங்கலும் இல்லை. அதற்குத் தோள் வேண்டியதில்லை என்று அவளே விளக்கம் சொன்னாள். ஐம்பது வயதுத் தோள் என்று சந்தில் எல்லோரும் பெயர் வைத்துவிட்டார்கள். அந்த வயதில் அது வரும், போகும். ஆனால் ஊருக்கெல்லாம் தோளைத் திருப்பிவிடுகிறவரின் வீட்டுக்காரி கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சந்தையில் நடந்தால், பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா?

டேஷெங்குக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. மின்விசிறி. அவரைக் கேட்டால் உலகத்தில் பாதி நோய்க்கு மின்விசிறிதான் காரணம், மீதிப் பாதிக்கு ஐஸ் போட்ட பானம். வேர்த்த உடம்பைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு தூங்கினால் தோளின் பின்பக்கமாகத்தான் காற்று புகும். ஆகவே பின்பக்கத்தைப் பிடித்தார். புறங்கையால் உருட்டினார், முழங்கையால் ஊன்றினார், இஞ்சிச் சாறு தடவித் தேய்த்தார். வாய் தன் பங்குக்கு வேலை செய்துகொண்டே இருந்தது.

"ஒரு பன்னிக்காரன் டாக்டர்கிட்ட போனானாம்..."

"டாக்டரு பன்னிக்கு மாத்திரை குடுத்தாரு, பன்னி பொழச்சுக்கிச்சு, இவன் செத்துட்டான்" என்றாள் சூச்சியோங், முகத்தைத் தலையணையில் புதைத்தபடியே. "கல்யாணத்தன்னைக்கே சொன்ன, யோவ். அன்னைக்கும் எனக்குச் சிரிப்பு வரல."

"நீ சிரிச்ச. எனக்கு ஞாபகம் இருக்கு."

"எங்கம்மா கிள்ளினாங்க. அதனால சிரிச்சேன்."

தோள் அசையவில்லை. கோடை வந்துவிட்டது. ஒருநாள் காலை டேஷெங் கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எதிர்க்கடையின் திரையை விலக்கிக்கொண்டு சூச்சியோங் வெளியே வந்தாள். காற்றுப் படாமல் தோளைச் சுற்றி ஒரு துண்டு. பிடித்துவிட்டு அனுப்புகிற எவரும் கட்டிவிடுகிற துண்டு.

எதிர்க்கடை மோ சாங்ஃபூவுடையது. வாலிபத்தில் இரண்டு பேரும் ஒரே கடையில், ஒரே படுக்கையின் இரண்டு பக்கமும் நின்று தொழில் பழகினவர்கள். டேஷெங் மூத்தவர், சாங்ஃபூ இளையவன். ஊரில் எத்தனையோ சந்து இருக்க, வாடகை மலிவு என்று இதே சந்தில், நேர் எதிரே வந்து அவன் கடை போட்டதிலிருந்து பேச்சு நின்றுபோயிற்று. டேஷெங் பேச்சை நிறுத்தினார் என்பதுதான் சரி. சாங்ஃபூ எப்போது பேசினான், நிறுத்துவதற்கு? அவன் படுக்கையில் படுப்பதும் பிணவறையில் படுப்பதும் ஒன்று, பிணவறையில் காவலாளியாவது எப்போதாவது இருமுவான் என்று டேஷெங் டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சந்தே அதைப் பாடமாக்கி வைத்திருந்தது.

மதியச் சாப்பாட்டில் அவர் சோற்றைக் கிளறிக்கொண்டேயிருந்தார்.

"கேளு, கேட்டுத் தொலை" என்றாள் சூச்சியோங். "வாய்க்குள்ள வச்சிருந்தா உனக்கு வயிறு வலிக்கும்."

"அவன் கை என் கையை விட நல்ல கையா?"

"உன் கை நல்ல கைதான். அதோட சேந்து வர்ற வாய்தான் தாங்க முடியல. அங்க அரை மணி நேரம் யாரும் எதுவும் பேசறதில்ல. எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?"

"தோள் சரியாயிடுச்சா?"

"இல்ல."

டேஷெங்குக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். பெண்டாட்டிக்கு வலி தீரவில்லை என்று கேட்டுச் சந்தோஷப்படுகிற மனுஷன் தொழில்முறைப்படி எந்த உறுப்பில் கெட்டுப்போயிருக்கிறான் என்று அவரே ஒரு நிமிடம் யோசித்தார். விடை கிடைக்கவில்லை. அவள் தட்டில் ஒரு துண்டு டோஃபுவை எடுத்து வைத்தார். பரிகாரம்.

மறுநாள் மோ சாங்ஃபூ சந்தின் குறுக்கே நடந்து வந்தான். கடை போட்ட நாளிலிருந்து இந்தப் பக்கம் கால் வைக்காதவன், வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு தன் செருப்பையே பார்த்தான்.

"அண்ணே."

"என்னப்பா, வழி தப்பிட்டியா? உன் கடை எதிர்ல."

"அண்ணியோட தோள்."

டேஷெங் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நீங்க பின்னாடி பிடிச்சீங்க. நானும் பின்னாடிதான் பிடிச்சேன். அது காத்து இல்லண்ணே. முன்னால இருக்கு." சாங்ஃபூ தன் காறை எலும்பின் கீழே, தோள் தொடங்குகிற இடத்திலுள்ள குழியைச் சட்டைக்கு மேலேயே தொட்டுக் காட்டினான். "இங்க. துண்டு போத்தும்போது என் விரல் தெரியாம பட்டுச்சு. மூச்ச நிறுத்திட்டாங்க."

"அப்படின்னா அங்க அழுத்த வேண்டியதுதானே, மடையா?"

சாங்ஃபூவின் முகம் காதுவரை சிவந்துபோனது. "நீங்க ஒண்ணு. அண்ணி அவங்க. அந்த இடத்துல நான் எப்படிக் கை வைப்பேன்?"

டேஷெங்கின் நாக்கு நுனியில் மூன்று கிண்டல்கள் வரிசையில் வந்து நின்றன. அவனுடைய சிவந்த முகத்தைப் பார்த்து மூன்றையும் திருப்பி அனுப்பினார்.

"நுரையீரல் தடம் வெளிய வர்ற இடம்" என்றான் சாங்ஃபூ. அவன் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. "துக்கம் போய் உக்கார்ற இடம். என்ன துக்கம்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். அப்புறம் இன்னொண்ணுண்ணே... கை கேக்கணும்னா வாய் மூடியிருக்கணும். வரேன்."

என்ன துக்கம்?

போன இலையுதிர் காலத்தில் சூச்சியோங்கின் அண்ணன் இறந்துபோனார். அவர் ஊரில் பந்தல் போட்டு, வெள்ளைத் துணி கட்டி, மேசை மேசையாகச் சாப்பாடு. சமையல்காரர்களை விரட்டுவதும் விருந்தாளிகளை உட்காரவைப்பதும் அண்ணன் மனைவிக்குக் கஞ்சி ஊட்டுவதுமாக எல்லாம் சூச்சியோங்தான். அழுவதற்கென்று கூலிக்கு வந்த பெண்கள் ஒலிபெருக்கி வைத்து அழுத அழுகையில், வீட்டுக்காரர்கள் அழுதார்களா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. டேஷெங் மேசை மேசையாகப் போய் எல்லோரையும் சிரிக்கவைத்தார். இப்படிக் கலகலப்பான சாவை இந்தப் பக்கம் பார்த்ததேயில்லை என்று பெரியவர்கள் அவர் முதுகில் தட்டினார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் சூச்சியோங் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு ஜோக் சொன்னார். அவள் சிரித்தாள். சரி, தேறிவிட்டாள் என்று அவர் தூங்கிப்போனார்.

அவளாவது! அவர் ஜோக்குக்குச் சிரித்தாளாம்! அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா?

அடுத்த நாள் காலை கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு அவளை முக்காலியில் உட்காரச் சொன்னார். உள்ளங்கைகளைச் சூடு வரும்வரை தேய்த்துக்கொண்டார்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றாள் அவள். "காய்ச்சலா?"

அவர் தன் வாயைக் காட்டி, பூட்டுப் போடுவதுபோல் செய்தார். அவள் சந்தேகத்தோடு பார்த்தாள்.

குழிக்குள் கட்டைவிரலை வைத்தார். அழுத்தவில்லை. தூங்குகிற பூனையின் மேல் கை வைப்பதுபோல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவள் மூச்சு நின்றது. விரலடியில் ஒரு முடிச்சு, பட்டாணி போல. இத்தனை மாதம் அதற்கு நேர் பின்னால் நின்றுகொண்டு கதை சொல்லியிருக்கிறார்.

"வலிக்குது, யோவ்."

அவருக்குப் பதில் சொல்ல வந்தது. நல்ல பதில். விழுங்கினார். தொண்டையில் மீன் முள்போல மெதுவாக இறங்கியது.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. சந்தில் யாரோ தர்பூசணி விற்றுக்கொண்டு போனார்கள். பிறகு அவள், சுவரைப் பார்த்துக்கொண்டு, "எங்கண்ணன் ஒரு தடவ பக்கத்துத் தோட்டத்து ஆரஞ்சு மரத்துல ஏறினான்" என்றாள்.

சொல்லிக்கொண்டே போனாள். அவளுக்கு அப்போது ஆறு வயதோ ஏழோ. கீழே கூடையோடு அவள். மேலே அவன், பழத்தைப் பறித்துப் பறித்துப் போட்டான். தோட்டக்காரர் தடியோடு வந்தார். இறங்கி ஓடியிருக்கலாம், ஆனால் இறங்கினால் இவள் மாட்டிக்கொள்வாள் என்று அவன் மரத்திலேயே நின்று, தோட்டக்காரரின் தலையைக் குறிபார்த்துப் பழத்தை வீசினான். அவள் குரல் எங்கோ ஓரிடத்தில் தடுக்கியது. தோள் அவருடைய விரலடியில் நடுங்க ஆரம்பித்தது. அவள் அழுதாள், சத்தமாக, அசிங்கமாக, ஒலிபெருக்கி தேவைப்படாத அளவுக்கு. கட்டைவிரல் மரத்துப்போனது. அவர் எடுக்கவில்லை.

கதவை யாரோ தட்டினார்கள். டேஷெங் இடது கையை நீட்டிக் கதவைக் கொஞ்சம் திறந்தார். லாரிக்காரர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"எதிர்க்கடைக்குப் போங்க" என்றார் டேஷெங். "நல்ல கை."

"அவரு பேசவே மாட்டாராமே? நீங்கதானே சொன்னீங்க, பிணவறைன்னு?"

"அதான் நல்ல கைன்னு சொல்றேன். போங்க."

கதவைச் சாத்தினார். சூச்சியோங் இடது கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க விட்டேன்?"

"நாயை அவுத்து விட்டாரு. நீ கூடையத் தலையில கவுத்துக்கிட்ட."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். நாயைப் பற்றி அவள் சொன்னது அழுகைக்கு நடுவில், பாதி விழுங்கிய சொற்களில். அவளுக்கே அது நினைவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

"ஆமா. நாய் குரைக்குது, நான் கூடைக்குள்ள அழறேன். அவன் இன்னும் மேல ஏறிட்டான். எவ்வளவு உசரம் தெரியுமா? இதோ..."

வலது கை எழுந்தது. மார்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, காதுவரை போய் நின்றது. அவள் முகம் சுளித்தது.

"இல்ல, இன்னும் உசரம்" என்றாள். "கை வரல. நீயே நெனச்சுக்க."

டேஷெங் தலையை நிமிர்த்தி, அவள் விரல் நுனிக்கு மேலே, விட்டத்தைப் பார்த்தார்.