மறைகப்பலின் சூடு

1

டமார்! சமையலறையில் குளிர்பெட்டி ஒருமுறை உடம்பை உலுக்கிக்கொண்டு, மறுபடி உறுமத் தொடங்கியது. இந்தக் கதை பிறந்த இடம் அதுதான். விண்வெளியைப் பார்த்துப் பிறந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்போது என் தொடர்கதையின் இந்த வார அத்தியாயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். முந்நூறு பேர் தப்பியோடும் விண்கப்பல். துரத்தி வரும் போர்க்கப்பல். போன வாரமே அச்சில் கம்பீரமாக அறிவித்தாயிற்று: ‘இந்த மறைகப்பலிலிருந்து ஒளி வராது, ரேடியோ அலை வராது, இம்மியளவு வெப்பமும் கசியாது.’

மனைவி குளிர்பெட்டியை இழுத்து நகர்த்தி, அதன் முதுகில் கை வைத்துப் பார்த்தாள்.

“இங்க வந்து தொடுங்க. உள்ள குளிரணும்னா சூட்டை எங்கயாவது கொட்டித்தானே ஆகணும்? உங்க கப்பல் எங்க கொட்டுது?”

“கொட்டாது. அதானே அதோட பெருமை!”

“அப்ப உள்ள இருக்கிற முந்நூறு பேரும் வெந்துடுவாங்களே, மகராசா!”

2

அச்சில் ஏறியதை அழிக்க முடியாது. சமாளிக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன்.

‘கப்பலுக்குள் வியர்வை ஆறாக...’ வேண்டாம்.

‘அப்போது விஞ்ஞானி ஒருவர் தன் பையிலிருந்து ஒரு கருவியை...’ எனக்கே வெட்கமாகிவிட்டது.

பேனாவை மூடிவிட்டு யோசித்தபோதுதான் உடம்பு சிலிர்த்தது. இயந்திரத்தை அணைக்கலாம். விளக்கை அணைக்கலாம். மூச்சுவிடும் மனிதர்களை எப்படி அணைப்பது? தூங்கும்போதும் உடம்பு வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. அழுதால் கண்ணீரும் அப்படியே. ஒரு கப்பல் முழுக்க முழுக்க மறைந்துவிட்டது என்றால் அதற்குள் யாரும் உயிரோடு இல்லை என்று பொருள். எத்தனை கோடி மைல் இருட்டிலும் உயிர் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்!*

* இதை மனைவியிடம் சொன்னேன். “அதைத்தானே நான் அப்பவே சொன்னேன்” என்றாள்.

3

ஆகவே அவர்கள் சூட்டை வெளியே கொட்டக் கப்பலின் வெப்பக் கதவைத் திறந்தே தீர வேண்டும். ஒரு சில நிமிடம்தான். அதற்குள் போர்க்கப்பலில் ஒருத்தி பார்த்துவிடுவாள்.

அவளைப் போன வாரம் ஒரே வரியில் கடந்துவிட்டேன்: தூரத்து வெப்பத்தைக் காட்டும் உணர்கருவித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள், பட்டப்பெயர் பூனைக்கண். இப்போது முந்நூறு உயிர் அவள் நாக்கு நுனியில்.

[மறைகப்பலில் அவள் தம்பி இருப்பதாக எழுதி, அடித்துவிட்டேன். தம்பி இருந்தால்தான் இரக்கம் வரும் என்றால் அவள் என்ன பெரிய மனுஷி?]

ஒரு முடிவில் அவள் சொல்லிவிடுகிறாள், பீரங்கி முழங்குகிறது. இன்னொன்றில், “ஒண்ணுமில்ல சார்” என்கிறாள். மனைவி இரண்டையும் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“வருஷக்கணக்கா வெறும் இருட்டையே பார்த்தவ. முதல் தடவையா ஒரு உசிரு தெரியுது. உடனே வாயைத் திறப்பாளா?”

4

திறக்கவில்லை.

கறுப்புத் திரையில் கடுகளவு சிவப்பு. அதை அங்கே வைத்தவன் நான்தான். ஆனாலும் அவளோடு சேர்ந்து நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை தூரத்தில், அத்தனை குளிரில், யாரோ இருக்கிறார்கள்!

பின்னால் கேப்டனின் காலடிச் சத்தம். பூனைக்கண் யோசிக்கவில்லை. உள்ளங்கையை அந்தப் புள்ளியின் மேல் வைத்து மூடினாள்.

[நான் வாரக்கணக்கில் விவரித்த மறைப்புத் தொழில்நுட்பம் எல்லாம் இந்தக் கையிடம் தோற்றது.]

இதற்குமேல் இவர்கள் என் பேச்சைக் கேட்பதாக இல்லை. பீரங்கிக்காரர்கள் கதவருகே வந்துவிட்டார்கள். அவர்களிடம் கேப்டன் என்ன சொல்லப்போகிறார் என்பது இனி உங்கள் பாடு. அவர் அவள் காதருகே குனிந்து சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

“கையை எடுக்காதம்மா. நானும் பார்த்துட்டேன்.”