படகைப் பற்றி ரஞ்சன் சொன்னது

1

இந்தக் கதை ஒரு பதினாறாம் நாள் காரியத்துப் பந்தியில் பிறந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் இலையில் வடை விழுந்த நேரம், எதிர் வரிசையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்த மீனாட்சிசுந்தரம் யாரிடமோ சொன்னார்: "எனக்குப் படகு பாக்கத் தெரியல சார். தெரியாம வாங்கிட்டேன். அதான் அவ போயிட்டா." சொல்லிவிட்டு அடுத்த டம்ளருக்கு நகர்ந்தார். நான் வடையைத் தின்று, பாயசத்தையும் குடித்து, பஸ் மாறி மெட்ரோ பிடித்து பவானிபூர் வந்து சேர்ந்து, அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: "கொல்கத்தாவில் ஒரு படகு வாங்குவது என்பது" – அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "மழை பெய்யத் தொடங்கியபோது வானம்" – அதையும் அடித்தேன். நான் வானத்தை வர்ணிக்க ஆரம்பித்தால் எதையோ மறைக்கப் போகிறேன் என்று பொருள். என்னை இருபது வருஷமாகப் படித்துவரும் நாலைந்து பேருக்கும் இது தெரியும்.

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். இறந்தது கலா, மீனாட்சிசுந்தரத்தின் மனைவி, வயது நாற்பத்தொன்று. வேறு யாராவது எழுதினால் இதைக் கடைசிப் பக்கத்துக்கு ஒளித்து வைப்பார்கள். எனக்குக் கடைசிப் பக்கத்தில் வேறு வேலை இருக்கிறது.

2

மீனாட்சிசுந்தரம் விருதுநகர்க்காரர். கம்பெனி மாற்றி அனுப்பியதால் இங்கே வந்து இரண்டு வருஷம்தான். இந்தி நாலு வார்த்தை, வங்காளி அதுவும் இல்லை. நியூ டவுனின் உயரமான கட்டடங்களுக்குப் பின்னால், கால்வாயை ஒட்டிய தாழ்ந்த தெரு ஒன்றில் தரைத்தள வீடு. கலாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. படி ஏற முடியாது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கையில் ஊசி போட நரம்பு ஒத்துழைக்காததால் கழுத்தில் குழாய் வைத்திருந்தார்கள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

போன வருஷ மழையில் தெருவில் இரண்டு நாள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஆட்டோ இல்லை, ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. ஒரு டயாலிசிஸ் தவறியது. நெஞ்சில் நீர் கோத்து, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் கலா பட்ட பாட்டை அவர் பக்கத்தில் இருந்து பார்த்தார். இன்னும் ஒரு நாள் தவறியிருந்தால் அவ்வளவுதான் என்றார்கள். வீட்டுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே அறுநூறு மீட்டர். அந்த அறுநூறு மீட்டருக்குத்தான் படகு.

[இங்கே நீங்கள் கேட்பீர்கள்: வீட்டை மாற்றினால் என்ன? லிஃப்ட் உள்ள வீட்டு வாடகையை டயாலிசிஸ் தின்றுவிட்டது. காற்றடைக்கும் ரப்பர் படகு? வாங்கினார், ஆன்லைனில். அது நீச்சல் குளத்துக் குழந்தைகளுக்கானது. ஒத்திகையின்போதே பக்கத்து வீட்டு கேட்டின் கம்பியில் கிழிந்தது. தெருவே சிரித்தது. கலாவும் சிரித்தாள். கதையில் அவள் சிரிக்கிற இடம் இது ஒன்றுதான், அதனால் அடைப்புக்குறிக்குள்ளாவது இருக்கட்டும்.]

3

இருபதாயிரத்துக்குள் ஒரு பழைய மரப்படகு. இதுதான் அவர் தேவை. படகைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் யூடியூபில் பார்த்தது. பார்த்ததை நோட்டில் எழுதி வைத்திருந்தார். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படு. ஸ்க்ரூடிரைவரால் பலகையைக் குத்து; உள்ளே இறங்கினால் மரம் உளுத்தது. ஆணித் தலையைப் பார். உள்ளே தண்ணீர் ஊற்றி வெளியே கசிகிறதா என்று பார்.

பேச்சுத் துணைக்கு வெங்கட்ராமன் என்பவரை அழைத்துக்கொண்டார். வெங்கட்ராமன் பவானிபூரிலேயே பிறந்தவர், வங்கியில் ஓய்வு பெற்றவர், வங்காளியில் கவிதை வாசிக்கிற அளவுக்குப் பழக்கம்.*

* இந்தப் பாத்திரத்தை மூன்று முறை நீக்கிப் பார்த்தேன். இவர் இல்லாவிட்டால் வாங்குபவரும் விற்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வேறு வழியில்லாமல் வைத்திருக்கிறேன்.

ஆனி மாதக் கடைசி ஞாயிறு. வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் இறங்கியது. இரண்டாவது படகு அவர் தெருத் திருப்பத்தில் திரும்பாது. மூன்றாவதாக, நியூ டவுனுக்குத் தெற்கே மீன் வளர்க்கும் ஏரிக்கரையில் ரஞ்சன் மண்டலின் டிங்கி, அந்த ஊர்ச் சின்ன மரப்படகு. பன்னிரண்டு அடி. பெயின்ட் இல்லை, கறுப்புத் தார் மட்டும் பூசியிருந்தது. அப்போதுதான் நீரிலிருந்து இழுத்துக் கரையில் போட்டிருந்தார். பலகையில் ஈரம் இன்னும் காயவில்லை.

மீனாட்சிசுந்தரம் படகைச் சுற்றி மண்டியிட்டுக்கொண்டே வந்தார். நாற்பது இடத்தில் குத்தினார். எங்கேயும் இறங்கவில்லை. எட்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தார்.

"சார், ஒரு சொட்டு இல்ல சார்!" என்று அடியிலிருந்தே கத்தினார். எழுந்தபோது சட்டையெல்லாம் சேறு, முகமெல்லாம் பல்.

விலை பதினெட்டாயிரத்தில் நின்றது. பணம் கை மாறியதும் ரஞ்சன் பேச ஆரம்பித்தார். படகைத் தட்டி, ஏரியைக் காட்டி, விரல் விட்டு எண்ணி, மூன்று நிமிஷம் விடாமல் பேசினார்.

"என்ன சார் சொல்றார்?"

"நல்லா பாத்துக்கோங்கன்னு சொல்றார்" என்றார் வெங்கட்ராமன்.

மீனாட்சிசுந்தரம் ரஞ்சனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "பாத்துக்கறேன், கண்டிப்பா பாத்துக்கறேன்" என்று தமிழிலேயே சொன்னார். ரஞ்சனுக்கு நிம்மதி. படகைக் குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள்.

4

இந்த இடத்திலிருந்து இன்னொரு கதை எழுதி வைத்திருந்தேன். அதில் ரஞ்சன் மோசக்காரன். ஓட்டையை மெழுகால் அடைத்துக் கறுப்புப் பூசி அப்பாவித் தமிழன் தலையில் கட்டிவிடுகிறான். எட்டுப் பக்கம், மளமளவென்று வந்தது. வில்லன் கிடைத்துவிட்டால் எழுத்தாளனுக்கு அப்படித்தான் ஓடும்.

கிழித்துப் போட்டேன். அது நல்ல படகு. விலையும் நியாயமான விலை. ரஞ்சன் எதையும் மறைக்கவில்லை.

5

தெருக்கோடியில் ஒரு குளம் உண்டு. அங்கே சங்கிலி போட்டுக் கட்டிக்கொள்ள அந்தத் தெரு கிளப் பையன்கள் சம்மதித்திருந்தார்கள். அன்றே இறக்கியிருக்கலாம். ஆனால் குட்டியானை நெரிசலில் மாட்டி வந்து சேரும்போது இருட்டிவிட்டது, மறுநாள் ஆபீஸ், அப்படியே ஆடி பிறந்துவிட்டது.

"ஏங்க, புது வண்டிய யாராவது ஆடில எடுப்பாங்களா? ஆவணி பொறக்கட்டும்" என்றாள் கலா.

"படகுக்குமா ஆடி பாக்கணும்?"

"எனக்காகத்தானே வாங்குனீங்க? என் பேச்சையும் கொஞ்சம் கேளுங்க."

அவர் வெங்கட்ராமனுக்குப் போன் போட்டார். வெங்கட்ராமன் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆவணி ஒண்ணாந்தேதி எறக்குங்க, ஓடியா போகப் போறது?" என்றார்.

படகை வீட்டோரத் தகரக் கொட்டகையில் செங்கல் அடுக்கிக் கவிழ்த்து வைத்தார். மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார்கள். ஊரில் வைத்திருந்த பைக்கை எப்படிப் பார்த்துக்கொண்டாரோ அப்படியே பார்த்துக்கொண்டார். தினமும் காலையில் பழைய வேட்டியால் ஈரமில்லாமல் துடைப்பார். சாரல் படாமல் தார்ப்பாய் கட்டினார். அந்த ஆடியில் மழை ஏமாற்றியது. தகரம் பகலெல்லாம் அடுப்பாகக் காய்ந்தது. ஒருநாள் பலகைகளுக்கு நடுவே நூல் மாதிரி வெளிச்சம் தெரிந்தது. குழாய்க்குப் பூசும் பசையை வாங்கி வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பொறுமையாக அடைத்தார். எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன்.

6

ஆடி இருபத்தாறு. விடிந்தபோது வீட்டுக்குள்ளேயே கணுக்கால் அளவு தண்ணீர். அன்று டயாலிசிஸ் நாள்.

"ஆடி முடியலையேன்னு பாக்காதீங்க, ஏத்துங்க" என்றாள் கலா.

வாசலிலேயே படகை மிதக்கவிட்டு, நாற்காலி மெத்தை போட்டு, அவளை உட்காரவைத்தார். மடியில் பாலிதீன் பையில் ரிப்போர்ட். கழுத்தைச் சுற்றி இரண்டு அடுக்கு ரெயின்கோட். அவர் இடுப்பளவு நீரில் பின்னாலிருந்து தள்ளினார். மாடியிலிருந்து யாரோ கை தட்டினார்கள். ரப்பர் படகைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான். அவருக்குப் பெருமையாக இருந்தது.

நூறு மீட்டர் போனதும் கலா காலைத் தூக்கிக்கொண்டாள். "ஏங்க, உள்ள தண்ணி வருது."

"மழைத் தண்ணியா இருக்கும்."

"இல்லங்க, கீழேர்ந்து."

பசை உரிந்து மேலே மிதந்தது. எல்லா இணைப்பிலும் நீர் ஊறிக்கொண்டிருந்தது. மக்கால் இறைத்தார், தள்ளினார், இறைத்தார். திரும்பிப் போகலாமா என்று ஒரு கணம் நின்றார். போன வருஷ மூச்சுத் திணறல் ஞாபகம் வந்தது, முன்னாலேயே தள்ளினார். பாதி வழியில், கால்வாய்ப் பக்கம் இழுவை இருக்கும் இடத்தில், கனத்துப் போன படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. கலா சாக்கடை நீருக்குள் தலையோடு போனாள்.

உடனே தூக்கிவிட்டார். நாலு நொடிகூட இருக்காது. தோளில் போட்டுக்கொண்டு மீதி வழியை நடந்தார். டயாலிசிஸும் நடந்தது. மூன்றாம் நாள் குளிர் காய்ச்சல், குழாய் வழியாக ரத்தத்தில் கிருமி. ஒன்பதாம் நாள்

(வாக்கியத்தை முடிக்கவில்லை. முதல் பகுதியிலேயே சொல்லிவிட்டேன்.)

7

கலா பிழைக்கிற மாதிரி மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மழை வரவில்லை. ஒன்றில் கிளப் பையன்கள் அவளைக் கட்டிலோடு தூக்கிப் போகிறார்கள். மூன்றாவதில், ஏரிக்கரையில், "என்ன சார் சொல்றார்?" என்று மீனாட்சிசுந்தரம் கேட்டதும் வெங்கட்ராமன் ரஞ்சன் சொன்னதை முழுசாகச் சொல்கிறார்.

ரஞ்சன் சொன்னது இது: "மரப்படகைக் காயவிடாதீங்க. பத்து நாள் வெளியில கிடந்தா பலகை சுருங்கி வாய் பிளந்துடும். ஓட்டாத நாள்லகூடத் தண்ணியிலயே கிடக்கட்டும். மழை இல்லாத மாசம் நாங்க கல்லை ஏத்தி ஏரிக்குள்ள முக்கியே வச்சிடுவோம். இதையும் நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் வெளியே எடுத்தேன். ஒருவேளை காஞ்சுபோனா, ரெண்டு நாள் முக்கி ஊறவச்சிட்டு அப்புறம் ஆளை ஏத்துங்க."

ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. சொல்லாததற்குக் காரணம் இதுதான்: முக்கி வைத்திருந்த படகு என்று தெரிந்தால் மீனாட்சிசுந்தரம் பயந்து பணத்தைத் திரும்பக் கேட்பார், நாலாவது இடத்துக்கு அலைய வேண்டும். மணி இரண்டாகிவிட்டது. வீட்டில் சாப்பாடு காத்திருந்தது. வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தது உண்மை. வழியில் ஏசி டாக்ஸியில் தூங்கிப் போனதும் உண்மை.

வெங்கட்ராமன் என்று யாரும் இல்லை. அது நான்தான்.

ஆடியில் இறக்கலாமா என்று போன் வந்தபோதுகூட நினைவு வந்தது, லேசாக. கடைசி ஓவர் போய்க்கொண்டிருந்தது.

8

நேற்று மீனாட்சிசுந்தரம் போன் செய்தார். வேலையை விட்டுவிட்டாராம், ஊருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டதாம்.

"போறதுக்கு முன்னாடி ரஞ்சன ஒருதரம் பாக்கணும் சார். சண்டைக்கில்ல. அந்தாளு நல்லவராத்தான் இருந்தார். நான் எங்க பாக்காம விட்டேன்னு அவர்கிட்டயே கேட்டுக்கணும். ராத்திரியெல்லாம் அந்தப் பலகைய குத்திக்கிட்டே இருக்கேன் சார். ஞாயித்துக்கிழமை வர்றீங்களா? நீங்கதான் கேட்டுச் சொல்லணும்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாளை ஞாயிறு.

உண்மையைச் சொன்னால் ஆடிப் பேச்சும் வரும், செத்தவள்மேல் பழி விழும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் செய்து வைத்திருந்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது. என் மனைவி விஜயலக்ஷ்மியிடம் சொன்னேன். "அவ பேரை ஏன் இழுக்கறேள்? உங்க பேரைச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

காட்சியை எழுதுவது சுலபம், எழுதியும்விட்டேன். அதே ஏரிக்கரை. ரஞ்சன் கலாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுத் தலையில் கை வைத்துக்கொள்கிறார். பிறகு என் பக்கம் திரும்பி, சித்தப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி, "காகு, நான் அன்னிக்கே சொன்னேனே, நீங்க இவர்கிட்ட சொல்லலையா?" என்று வங்காளியில் கேட்கிறார்.

மீனாட்சிசுந்தரம் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"என்ன சார் சொல்றார்?"

இதற்கு அடுத்த வரி என்னுடையது. ஏழு தடவை எழுதிவிட்டேன். மூன்றில் மரம் பழசு. இரண்டில் விதி. ஒன்றில் ரஞ்சன் மன்னிப்புக் கேட்கிறார். ஒன்றே ஒன்றில் உண்மை, அதுவும் பாதியில் நின்றுவிட்டது. எட்டாவதை உங்களிடம் விடுகிறேன். எதை எழுதினாலும் ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள்: அந்த மனிதருக்கு வங்காளி தெரியாது. நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதைத்தான் அவர் ஊருக்கு எடுத்துக்கொண்டு போவார்.