கடைசி வரிசைக் கொடிக்காரன்

சாப்பாட்டு மேசை மேலிருந்த மாலைகளையெல்லாம் வாரி நாற்காலியில் போட்டுவிட்டு, ஜெரால்ட் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்துப் பொம்மைகளை அடுக்க ஆரம்பித்தான். வந்து இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. பெங்களூரில் விமானம் இறங்கி, அங்கிருந்து கார் பிடித்து, வாசலில் ஷூவைக் கழற்றியவன், அப்பா படுத்திருந்த ஃப்ரீசர் பெட்டி மேல் விழுந்து கொஞ்ச நேரம் அழுதான். எழுந்ததும் நேராகக் கண்ணாடி அலமாரியைத் திறந்துவிட்டான்.

மரியபுஷ்பம் சுவரோரம் பாயில் உட்கார்ந்து மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பதை நெருங்குகிறான். முன்நெற்றியில் முடி கிடையாது. அயர்லாந்தில் நாலு பேருக்கு மேலதிகாரியாம். பிள்ளைகளுக்குப் பரீட்சை, அவன் பெண்டாட்டியும் வரவில்லை. அப்பன் செத்துக் கிடக்கிற வீட்டுக்கு மகன் கையோடு எடுத்து வந்தது மாற்றுத் துணியல்ல, ஸ்பாஞ்சில் குழி குழியாக வெட்டிய ஒரு பெட்டி. அதற்குள் அவனுடைய சிவப்புச் சட்டைக் கும்பினிப் பொம்மைப் படை பத்திரமாகப் படுத்திருந்தது. விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தானாம். பெற்ற வயிற்றில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

இந்தக் கூத்தைத் தொடங்கி வைத்தவனும் அவன்தான். கட்டை விரலில் பாதி உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் சிப்பாய்கள், வண்ணம் பூசாமல் கை வேறு கால் வேறாகப் பார்சலில் வரும். ஒட்டி, வண்ணம் பூசி, மேசையில் எதிரெதிரே நிறுத்தி, டேப் வைத்து அளந்து, பகடை உருட்டிச் சண்டை போடுவார்களாம் வெள்ளைக்காரர்கள். அப்பனுக்கும் மகனுக்கும் பந்தயம். அவன் வெள்ளைக்காரக் கும்பினிப் படை, இவர் அதை எதிர்த்த மைசூர்ப் படை. மாதம் ஒரு வரிசையாவது பூசி முடித்து, கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் போட்டோ அனுப்ப வேண்டும். முடிக்காதவன் போன் போட்டு 'தோத்துட்டேன்' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். இரண்டு படையும் முழுசாகிற வருஷம் கிறிஸ்துமஸுக்கு இதே மேசையில் யுத்தம். அதற்கு முன்னால் பத்து வருஷமாக இரண்டு பேரும் போனில் பேசியதெல்லாம் சண்டைதான். பொம்மைக்காக ஒட்டிக்கொண்டார்கள்.

ஜெபமாலை முடித்த மரியாயின் சேனைப் பெண்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று மைசூர்ச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். ஒவ்வொருத்தன் சட்டையிலும் மயிரிழை கனத்தில் புலிவரி. ஒவ்வொரு முகத்திலும் கண், மீசை, கன்னத்து நிழல். பெண்களில் ஒருத்தி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"எங்கண்ணன் கையிங்க," என்றான் சேவியர்ராஜ், இறந்தவரின் தம்பி. "டிராயிங் மாஸ்டர்னா சும்மாவா. எழுபது தாண்டுன வயசுலயும் பாருங்க, ஒரு வரி கோணல் இல்லீங்க."

மூணு தெரு தள்ளி அரிசிப்பாளையத்திலேயே இருந்துகொண்டு இரண்டு வருஷத்துக்கு மேலாக அண்ணனை எட்டிப் பார்க்காத மனுஷன். வந்திருந்தால் தெரிந்திருக்கும். காபி டம்ளரை அவர் இரண்டு கையாலும் பிடித்தாலும் பாதி லுங்கியில்தான் கொட்டும் என்பது தெரிந்திருக்கும். கோயிலில் நற்கருணையைக் கையில் வாங்காமல் நாக்கை நீட்டி வாங்குவதைப் பார்த்துவிட்டு, மாஸ்டருக்குத்தான் என்ன பக்தி என்று ஊர் மெச்சியது. ஊருக்கு அவ்வளவுதான் கண்.

நடுக்கம் வந்து இரண்டு வருஷம், முதல் பார்சலில் ஒரு பொம்மைக்கும் வண்ணம் பூசுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் நர்ஸாக இருந்தவளுக்கு டாக்டர் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு கோடு போட்டால் கோழி சீய்த்த மாதிரி இருக்கிறது என்று சிரித்த சின்னப்பராஜ், ஒருநாள் சாயங்காலம் பிரஷைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"புஷ்பம், கொழந்தைங்களுக்கு நரம்பு பார்த்து ஊசி போட்ட கைதானே. இந்தச் சட்டைக்கு மட்டும் வரி இழுத்துக் குடு."

சட்டைக்கு மட்டும் என்றது அப்புறம் வாருக்கு, தலைப்பாகைக்கு, கண்ணுக்கு, குதிரைக்கு என்று போய்விட்டது. சோறு ஆக்கி, பாத்திரம் கழுவி, அவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு உட்கார்ந்தால், டிபன் பாக்ஸ் மூடியில் ஈரத் துணி போட்டு அதன்மேல் பட்டர் பேப்பரில் பெயிண்டைக் குழைத்து வைத்திருப்பார். குழைக்கிற வேலை மட்டும் அவருடையது. பக்கத்தில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, இது தடித்துவிட்டது, அது வழிந்துவிட்டது, உனக்கு நிறமே தெரியாது என்று ஓயாமல் குறை சொல்வார். இந்தக் கிழத்துக்கு வாக்கப்பட்டதற்கு இதுவும் வேண்டும் என்று திட்டிக்கொண்டே அவள் வரி இழுத்தாள்.

இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

"அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா எங்கூட நெசமா ஆட மாட்டான். பாவம் பார்த்து உட்டுக் குடுப்பான். அதுக்கு நான் செத்துப் போலாம்."

"செத்துப் போங்க, என்னை உடுங்க," என்றாள். ஆனாலும் சத்தியம் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஒரு மணி நேரம் பேசுவார்கள், இவர் கையிரண்டையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொள்வார். இந்த வரியை எப்படிப்பா இழுத்தீங்க என்று மகன் கேட்பான். இவர் போனுக்கு வெளியே நிற்கிறவளை ஓரக்கண்ணால் பார்ப்பார். அவள் வாயசைப்பாள். "மூச்ச அடக்கிக்கிட்டு ஒரே இழுப்புடா," என்பார் ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல. போனை வைக்கப் போகும்போது அவன் கேட்பான், அம்மா நல்லாருக்காங்களாப்பா என்று. இருக்கா என்பார் இவர். அவளுக்கு வருகிற பங்கு அவ்வளவுதான். பிரஷைக் கழுவிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அது அவளுக்கு வலித்தது. பொம்மை விஷயத்துக்கு வலிக்கிறதே என்று தன்மேலேயே காறித் துப்பலாம் போல இருக்கும், ஆனாலும் வலித்தது.

இப்போது அவன் மேசையை விட்டு நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"ஃபாதர்கிட்ட பேசிட்டேன் சித்தப்பா. பூசை முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம் அப்பாவைப் பத்திப் பேசப் போறேன். இந்தப் படைய அப்படியே பீடத்துப் படியில வைக்கறோம். இந்தக் குதிரைக்காரத் தளபதி மட்டும் அப்பாவோட பெட்டியில போவோணும்."

தளபதியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினான். அந்தச் சட்டை வரிக்கும் சேணத்துப் பூவேலைக்கும் போன வருஷம் தவக்காலத்து நாற்பது நாளும் அவளுக்குப் போயிருந்தது. அவளுடைய வேலையிலேயே நல்ல வேலை அதுதான். அது மண்ணுக்குள் போகப் போகிறது, இன்னொருத்தர் பேரில். அதுகூடப் போகட்டும். ஒரே ஒரு தடவை இவனுக்குத் தெரிய வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஊருக்கு வேண்டாம், சேவியர்ராஜுக்கு வேண்டாம். இத்தனை நாள் அப்பனிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது யார் என்று இவன் ஒருத்தனுக்குத் தெரிந்தால் போதும். சத்தியம் வாங்கினவர் பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் படுத்திருக்கிறார். இனி அவரோடு யாரும் விட்டுக்கொடுத்து விளையாடப் போவதில்லை.

எழுந்தாள்.

"ஜெரால்டு. கொஞ்சம் உள்ள வா சாமி."

படுக்கையறைக்குள் வந்தான். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். வெளியே யாரோ காபி போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பொம்மைங்களப் பத்தி உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்," என்றாள்.

"நானும் கேக்கோணும்னுதாம்மா இருந்தேன்." அவன் உள்ளங்கையை விரித்தான். "இது ஏன் இப்படி இருக்குது?"

கடைசி வரிசைக் கொடிக்காரன். ஒரு கண் நெற்றியிலும் ஒரு கண் கன்னத்திலும் இருந்தது. புலிவரி என்று எதையும் சொல்ல முடியாது, சட்டை முழுக்க ஒரே கறுப்புக் குழம்பு. வாய்ச் சிவப்பு கழுத்து வரை வழிந்து காய்ந்திருந்தது. கொடியில் ஒரு கைரேகை.

"இது அப்பா பண்ணதில்ல. எனக்கு இதோட போட்டோவும் வரலை. நீங்க தூசி தொடைக்கறேன்னு எதையாவது போட்டுத் தேச்சீங்களா?"

அவள் அவன் உள்ளங்கைமேல் குனிந்து பார்த்தாள்.

போன வாரம் அவள் காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்தபோது அவர் மேசையில் இருந்தார். இரண்டு முழங்கையையும் மேசையில் அழுத்திக்கொண்டு, சட்டையெல்லாம் பெயிண்டாக. பாரு புஷ்பம், நானே பண்ணேன் என்றார். அம்மை போட்டவன் மாதிரி இருக்கிறான் என்றாள் அவள். அவர் எச்சில் தெறிக்கச் சிரித்தார். "அவனுக்கு அனுப்ப வேண்டாம். ஆனா வரிசையில வை. கடைசில வை, ஆனா வை." வைத்துத் தொலைத்தாள். இரண்டு நாள் கழித்துப் பல் விளக்கப் போனவர் குழாயடியிலேயே சரிந்துவிட்டார்.

அந்த அலமாரியில் அவர் தன் கையால் முகம் எழுதிய ஒரே பொம்மை அது.

"ஆஸ்பத்திரி ஸ்பிரிட் இருக்குதாம்மா?" என்றான் ஜெரால்ட். "இதைக் கழுவி எடுத்துட்டு நானே பூசிடறேன். என்னோட பிரஷ் இருக்குது. அரை மணி நேரத்துல முடிச்சிரலாம். கோயில்ல அத்தன பேரும் பார்ப்பாங்க, இந்த அசிங்கம் நடுவுல நின்னா அப்பாவுக்கு மரியாதையில்ல."

அவள் மகனைப் பார்த்தாள். இப்போது வாயைத் திறந்தால் படை முழுக்க அவளுடையதாகிவிடும். அவருக்கு மிஞ்சுவது இது ஒன்றுதான். இவன் சும்மா இருக்க மாட்டான். இதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பீடத்தில் வைத்து, நடுங்குகிற கையோடு என் அப்பா என்று ஆரம்பிப்பான். ஊரே மூக்கைச் சிந்தும். சேவியர்ராஜ் விம்முவான். பாவம் மாஸ்டர், பாவம் மாஸ்டர் என்று கல்லறை வரைக்கும் பேசுவார்கள். அதற்கு நான் செத்துப் போகலாம் என்றவர் செத்தும் போயாகிவிட்டது.

"நான்தான்," என்றாள்.

"என்ன?"

"நான்தான் கெடுத்தேன். தொடைக்கறப்ப எண்ணெயோ என்னமோ பட்டிருச்சு. சரி பண்ணலாம்னு நானே பெயிண்ட எடுத்து அப்புனேன்."

ஜெரால்ட் மூச்சை விட்டான். துக்க வீட்டில் அம்மாவைக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று பெரிய மனது பண்ணுகிறவனின் மூச்சு. அதைக் கேட்டபோது அவளுக்கு அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும் போலிருந்தது.

"நீங்க ஏம்மா இதையெல்லாம் தொடறீங்க? அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டுப் பண்ணியிருப்பாரு. சரி உடுங்க. ஸ்பிரிட் எங்க வச்சிருக்கீங்க?"

"ஸ்பிரிட் இல்ல."

பீரோவுக்கு மேலே முழுப் பாட்டில் இருந்தது. அவன் நிமிர்ந்திருந்தால் பார்த்திருப்பான்.

"தின்னராவது?"

"எதுவுமில்ல. இது படைல சேர வேண்டாம், எங்கிட்டக் குடு." அவன் உள்ளங்கையிலிருந்து அதை எடுத்துக்கொண்டாள். "நீ போயி மூஞ்சியக் கழுவு. ஃபாதர் வந்துருவாரு."

"நீங்க என்னமோ சொல்லோணும்னீங்களே."

"இதைத்தான் சொல்ல வந்தேன்."

ஃபாதர் வந்தார், ஜெபம் சொன்னார், மந்திரித்த தண்ணீர் தெளித்தார். ஃப்ரீசரிலிருந்து மரப்பெட்டிக்கு மாற்றினார்கள். யாரோ பாட்டில் பாட்டிலாகச் சென்ட் தெளித்தார்கள், ஜவுளிக்கடை வாசல் மாதிரி நாறியது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் நெற்றியில் கட்டை விரலால் சிலுவை போட்டார்கள். சேவியர்ராஜ் இரண்டு தடவை போட்டான். ஜெரால்ட் தளபதியை அவர் கோட்டுப் பையில், தலையும் குதிரையின் காதும் வெளியே தெரிகிற மாதிரி செருகினான். மரியபுஷ்பம் கடைசியாகக் குனிந்தாள். அவர் விரல்களை ஜெபமாலையால் கட்டியிருந்தார்கள், அவை கொஞ்சமும் ஆடவில்லை. நல்லா பிடிச்சிருக்கீங்க இப்ப, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அவர் நெற்றியில் சிலுவை போட்டபோது அவள் கையும் ஆடவில்லை. மூடியை வைத்துத் திருகினார்கள்.

கோயிலில் அவள் கொடிக்காரனைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். பீடத்துப் படியில் மைசூர்ப் படை வரிசை பிசகாமல் நின்றது. பூசை முடிந்ததும் ஜெரால்ட் மைக்கைப் பிடித்தான்.

"எங்கப்பா கை கடைசி வரைக்கும் நடுங்கினதில்லைங்க," என்று ஆரம்பித்தான். நின்று அழுதான். பின்னால் பெண்கள் அழுதார்கள். புலிவரியைப் பற்றிச் சொன்னான். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பு என்று அப்பா தனக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னான். நன்றாகத்தான் பேசினான். முழுப் பொய் என்றாலும் தன் பிள்ளை நன்றாகப் பேசுகிறான் என்று அவளுக்குத் தோன்றியது, அது வேறு எரிச்சலாக இருந்தது.

பேசி முடித்து இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். முகமெல்லாம் நனைந்திருந்தது. அம்மா என்று சொல்லிக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வந்தான்.

மூடிய கையை அவள் திறக்கவில்லை.