கூடத்தில் நடவு

என் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதில் வயலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. என் கூடத்துக்குத்தான் கேடு வந்தது.

பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இந்த நடவுக்குச் சேற்றில் கால் வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். பாகூர் ஏரி நிரம்பி, ஊரெல்லாம் சம்பா நடவு நடக்கிற நேரம். என் தம்பி பாக்யராஜ்தான் வயலைப் பார்த்துக்கொண்டான். இவர் பனியனோடு கூடத்தில் உட்கார்ந்து போனில் அவனை விரட்டிக்கொண்டிருந்தார். அவன் போனை எடுப்பதை நிறுத்தியதும், இவர் பார்வை என் செடிகள்மேல் விழுந்தது.

ஜன்னலோரம் ஒரு மணிபிளான்ட், ஒரு பாம்புச் செடி, ஒரு பீஸ் லில்லி வைத்திருக்கிறேன். பீஸ் லில்லி, எங்கள் மகள் வெண்ணிலா பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போனது. காய்க்காது, குழம்புக்கும் ஆகாது, இதற்கு ஒரு தொட்டியா என்று அன்றைக்கே கேட்டவர் இவர். வெள்ளையாகப் பூக்கும் பாருங்கப்பா என்றாள் அவள். வாரா வாரம் இவருடைய பழைய வேட்டிக் கிழிசலை நனைத்து, ஒவ்வொரு இலையையும் அடிப்பக்கம்கூட விடாமல் துடைப்பேன். மாட்டைக்கூட இவள் இப்படிக் குளிப்பாட்டியதில்லை என்று தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்வார். சொல்லட்டும். இந்த மாதம்தான் முதன்முதலாக ஒரு மொட்டு விட்டது. ஞாயிற்றுக்கிழமை வெண்ணிலா வருகிறாள். அவளே வந்து பார்க்கட்டும் என்று போனில்கூட நான் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வில்லியனூர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். கூடம் முழுக்க உரச் சாக்கு விரித்திருந்தது. பீஸ் லில்லி தொட்டியில் இல்லை. அதைத் தூர் தூராகப் பிரித்து, என் டம்ளர்களிலும் ஐஸ்கிரீம் டப்பாக்களிலும் நட்டு, விளிம்புவரை தண்ணீர் கட்டியிருந்தார். அத்தனையும் தலை தொங்கிக் கிடந்தன. நடுவில் இடுப்பைப் பிடித்தபடி இவர், முகமெல்லாம் பெருமை.

"இம்மாம் நெருக்கமா இருந்தா எப்டி தூர் கட்டும்? பிரிச்சு நட்டுட்டேன். ரெண்டு நாள்ல பச்ச புடிச்சிக்கும் பாரு."

மொட்டு இருந்த தூர் என் காப்பி டம்ளரில் கழுத்துவரை சேற்றில் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. செடிக்காக அழுவேன் என்று நானே நினைத்ததில்லை. மகள் வருகிற நேரத்தில் அவளுக்கென்று நான் வைத்திருந்த ஒரே சந்தோஷம் அது. இவர் முகம் சுருங்கிப்போனது. வெண்ணிலா வரும்போது செழிப்பாக இருக்கட்டுமே என்றுதான் செய்தேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அழுகை போய்க் கோபம் வந்தது.

"நாத்து பறிக்கிறதுதான் ஆம்பள வேல. நடவு எங்க வேல. வரப்புல கொட புடிச்சிக்கினு நின்னவருக்கு நடறது இன்னா தெரியும்?"

நான் பாவாடை கட்டிய வயதிலிருந்து நட்டவள். இவர் பறித்ததில் குறை சொல்ல முடியாது, ஒரு வேர்கூட அறுபடவில்லை. நட்டதுதான் கொடுமை, பந்தல்கால் ஊன்றுவதுபோல் ஊன்றியிருந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். சேற்றுத் தண்ணீரையெல்லாம் கொட்டினேன். டப்பாக்களில் ஆணியால் ஓட்டை போட்டேன். மணலும் மக்கின உரமும் கலந்து, தூர்க்கழுத்து மண்ணுக்குமேல் நிற்கும்படி ஒவ்வொன்றாக நட்டேன். டம்ளரில் ஓட்டை போட மனம் வரவில்லை, அடியில் கூழாங்கல் போட்டேன். இவர் ஒவ்வொரு தூராக எடுத்துக் கையில் கொடுத்தார், நடவு ஆட்களுக்கு நாற்று முடியைக் கட்டுக் கட்டாக எடுத்துப் போடுகிற அதே கரிசனத்தோடு.

பாதியில் நிறுத்திவிட்டேன். என்ன என்றார்.

"நடவு ஆளுக்கு டீயும் வடையும் வரப்புக்கு வந்தாவணும். இல்லன்னா கரையேறிடுவோம்."

கல்யாணமான நாளிலிருந்து அடுப்பைப் பற்றவைக்காதவர் எழுந்து போனார். உள்ளே பாத்திரங்கள் உருண்டன. டம்ளரில் எல்லாம் செடி இருந்ததால் டீ சொம்பில் வந்தது. வடைக்குப் பதில் பிஸ்கட். சர்க்கரை போட மறந்திருந்தார். சொட்டு விடாமல் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இலைகள் நிமிர்ந்துவிட்டன. மொட்டும் பாதி விரிந்து, கொஞ்சம் சாய்ந்தாற்போல் வெள்ளையாக நின்றது. வெண்ணிலா பையைக்கூட இறக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பிறகு டம்ளர்களையும் டப்பாக்களையும் பார்த்துச் சிரித்து, இதையெல்லாம் யார் நட்டது என்று கேட்டாள். இவர் வாத்தியாரிடம் மாட்டிய பையன்போல என்னைப் பார்த்தார்.

"உங்கப்பாதான்" என்றேன்.

இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்பங்கரைக்குப் போனார். அப்பா எங்கே போகிறார் என்று வெண்ணிலா ஆச்சரியமாகக் கேட்டாள். பொறு, தெரியும் என்றேன்.

மறுபடியும் சொம்பில்தான் டீ வந்தது. நேராக என் கையில் கொடுத்தார். இந்த முறை சர்க்கரை போட்டிருந்தார்.